லெக்ரூம் லெக்ரூம்னு சொல்றீங்களே, கால் தரையில பட வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல எகானமி கிளாஸ்ல ரொம்ப தூரம் போறவங்க சௌகரியமா போறது எப்படின்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. படிச்சேன். கழுத்துக்கு தலையணை வாங்குங்க, கண்ணுக்கு மாஸ்க் வாங்குங்க, சத்தம் கேக்காத ஹெட்போன் வாங்குங்க, இன்னும் காசு இருந்தா கால் நீட்ட இடம் கூடுதலா இருக்கற எக்ஸ்ட்ரா லெக்ரூம் சீட் வாங்குங்கன்னு ஒரே வாங்குங்க மயம். எழுதினவர் கண்டிப்பா உயரமான ஆளாத்தான் இருக்கணும்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் ஆறடி ஒரு இன்ச், அவருக்கு அந்த கட்டுரை ரொம்ப பிடிச்சிருந்துது. நான் அஞ்சடி, சரியா சொல்லப்போனா அதுக்கும் ஒரு விரக்கடை கம்மி. அதான் இந்த லெட்டர்.

பையன் வெளிநாட்டுல இருக்கறதால வருஷத்துக்கு ஒரு தடவை பதினாலு மணி நேரம் பிளைட்ல உக்காந்து போய்ட்டு, அதே மாதிரி உக்காந்து திரும்பி வர்றோம். எட்டு வருஷமா இதே கதைதான். இதுல எனக்கு லெக்ரூம் ஒரு நாளும் பிரச்சனையா இருந்ததே இல்ல, முன் சீட்டுக்கும் என் முட்டிக்கும் நடுவுல ஒரு கைப்பையே வைக்கலாம். என் பிரச்சனை வேற. சீட்ல நல்லா பின்னாடி சாஞ்சு உக்காந்தா என் கால் தரையில பட மாட்டேங்குது. குதிகால் அந்தரத்துல தொங்கும், சீட்டோட முன் விளிம்பு தொடைக்கு அடியில அழுத்திட்டே இருக்கும். ஒரு மணி நேரம்னா ஒண்ணும் தெரியாது. பதினாலு மணி நேரம் தொங்கிட்டு வந்து பாருங்க, அப்ப தெரியும். சரி கால் தரையில படட்டும்னு முன்னாடி நகந்து உக்காந்தா முதுகுக்கு பின்னாடி ஒரு பள்ளம், முதுகு போயிடுது. இந்த பக்கம் போனா இடி, அந்த பக்கம் போனா உதை.

நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்தத சொல்றேன். எனக்கு நடு சீட். நடைபாதை ஓரத்து ஐல் சீட்ல ஒரு பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், பிளைட் ஏறின உடனே தூங்கிட்டான். பாவம் தூங்கற பிள்ளைய எப்படி எழுப்பறதுன்னு நான் எழுந்திருக்கவே இல்ல. எழுந்திருக்க வேண்டாம்னா டாய்லெட் வரக்கூடாது, டாய்லெட் வரக்கூடாதுன்னா தண்ணி குடிக்கக்கூடாது, இப்படி நானே ஒரு கணக்கு போட்டுக்கிட்டு கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். இறங்கற நேரத்துல ஷூவ போடலாம்னு குனிஞ்சா கால் உள்ளயே போகல. ரெண்டு காலும் ஊறின அப்பளம் மாதிரி உப்பி, சாக்ஸோட மேல் பட்டை பதிஞ்ச இடத்துல மட்டும் வளையம் போட்ட மாதிரி ஒரு பள்ளம். ஷூவோட பின்பக்கத்த மடக்கி மிதிச்சு செருப்பு மாதிரி இழுத்துக்கிட்டே இமிகிரேஷன் லைன்ல நின்னேன். பெட்டி எடுத்து வைக்க உதவி பண்ண வந்த அதே பையன் சொல்றான், "ஏன் ஆன்ட்டி எழுப்பல? நானே எழுந்திருக்கணும்னுதான் இருந்தேன், நீங்க தூங்கறீங்களோன்னு சும்மா கண்ண மூடிட்டு இருந்தேன்"னு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணி ரெண்டு பேரும் கெட்டோம்.

வீங்கினது ரெண்டு நாள்ல வடிஞ்சிடுச்சு. ஆனா ஊருக்கு திரும்பினதும் டாக்டர்கிட்ட போய் இத சொன்னேன், அவர் கேட்ட முதல் கேள்வி உங்க உயரம் என்னன்னுதான். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவரே சொன்னார். கால் வீங்கறது எல்லாருக்கும் நடக்கறதுதான், அது பெரிய விஷயம் இல்ல, ஆனா அசையாம உக்காந்தே இருந்தா கெண்டைக்கால் உள்ள இருக்கற பெரிய ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்கலாம், அந்த கட்டி நகந்து நுரையீரலுக்கு போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் இத பத்தி ஆராய்ச்சி பண்ணி 2007-ல ரிசல்ட் சொல்லியிருக்காங்க. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம போற பயணத்துல இந்த ஆபத்து ரெண்டு மடங்கு ஆகுதாம், பிளைட் மட்டும் இல்ல, ரயில் பஸ் கார் எல்லாத்துலயும்தான். பயப்படற அளவுக்கு இல்ல, ஆரோக்கியமா இருக்கறவங்கள்ல சுமார் 6,000 பேருக்கு ஒருத்தருக்குன்னு கணக்கு. ஆனா யாருக்கு கூடுதலா வரும்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்காங்க பாருங்க, உடம்பு கனமா இருக்கறவங்க, கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்க, ரத்தம் சீக்கிரம் உறையற வாகு உள்ளவங்க, 1.90 மீட்டருக்கு மேல உயரமானவங்க, 1.60 மீட்டருக்கு கீழ குட்டையானவங்க.

கவனிச்சீங்களா? எங்க வீட்டுக்காரர் ஆறடி ஒரு இன்ச்னா 1.85 மீட்டர். எட்டு வருஷமா பிளைட் ஏறினதுலேருந்து இறங்கறவரைக்கும் முட்டி முட்டின்னு புலம்பற மனுஷன் அந்த லிஸ்ட்லயே இல்ல. வாய தொறக்காம உக்காந்துட்டு வந்த நான் இருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லணும். தண்ணி நிறைய குடிச்சா ரத்தம் கட்டாதுன்னு உங்க கட்டுரையில எழுதியிருந்துது. தண்ணி குடிக்கறது நல்லதுதான், பிளைட் உள்ள காத்துல ஈரப்பதமே 10, 20 சதவீதம்தான் இருக்கும், தொண்டை வறண்டு உதடு வெடிக்குது, கண்ணு காஞ்சு போகுது, கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க கண்ணாடிக்கு மாறிக்கறது உத்தமம். ஆனா தண்ணி பத்தாததால ரத்தக்கட்டு வருதுங்கறதுக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் அமைப்பு 2012-லயே சொல்லிடுச்சு. அதுக்குன்னு ஆஸ்பிரின் போட்டுக்கறதும் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நடக்கணும், கெண்டைக்கால் தசைய வேலை வாங்கணும், அதுதான் மருந்து. தண்ணில ஒரு லாபம் என்னன்னா டாய்லெட்டுக்காகவாவது எழுந்துதான் ஆகணும். எனக்கு டாக்டர் முட்டிக்கு கீழ வரைக்கும் வர்ற இறுக்கமான சாக்ஸ் எழுதிக் குடுத்தார். கட்டுரையில சொன்ன சாமான்லாம் வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஒண்ண பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம். ஆனா கால் ரத்தக்குழாய்ல அடைப்பு உள்ளவங்க இத போடவே கூடாதாம், அதனால அவங்கவங்க டாக்டர கேக்காம வாங்காதீங்க.

அதுக்கப்புறம் நான் பண்றது இதுதான். காலுக்கு கீழ வைக்கறதுக்குன்னே ஒரு பை எடுத்துட்டு போறேன், துணி மட்டும் நல்லா திணிச்ச தட்டையான பை. அத முன் சீட்டுக்கு அடியில தள்ளி வச்சுட்டு, பிளைட் மேல போனதும் கொஞ்சம் என் பக்கமா இழுத்து அதும்மேல கால வச்சுக்கறேன். அவ்வளவுதான், தொடை அழுத்தம் போச்சு. காத்தடிக்கற கால் மெத்தைன்னு ஒண்ணு விக்கறாங்க, முன் சீட் டிரேல மாட்டி தொங்க விடற ஊஞ்சல் மாதிரி ஒண்ணும் விக்கறாங்க, ரெண்டையும் சில ஏர்லைன்ல அனுமதிக்கறதில்ல. ஊஞ்சல மாட்டினா நாம கால ஆட்டறப்பல்லாம் முன்னாடி உக்காந்திருக்கற மனுஷனுக்கு முதுகுல நிலநடுக்கம் வரும். பை போதும். பிளைட்ல குடுக்கற போர்வைய நான் போத்திக்கறதே இல்ல, நாலா மடிச்சு இடுப்புக்கு பின்னாடி வச்சுக்கறேன். அது நம்மள ரெண்டு மூணு இன்ச் முன்னாடி தள்ளும், முட்டி சீட் விளிம்புல சரியா மடங்கும், முதுகுக்கும் பிடிமானம் கிடைக்கும். குளிருக்கு வீட்டுலேருந்து ஒரு சால்வை. அத போத்திக்கிட்டா சீட் பெல்ட்ட சால்வைக்கு மேல தெரியற மாதிரி போட்டுக்கணும், இல்லன்னா குலுங்கறப்பல்லாம் பெல்ட் போட்டிருக்கீங்களான்னு ஏர்ஹோஸ்டஸ் தட்டி எழுப்புவாங்க, அவங்க மேல தப்பில்ல, அது அவங்க வேலை.

அப்புறம் ஹெட்ரெஸ்ட். இத எனக்கு சொல்லித்தந்தது ஒரு ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுதான். நிறைய பிளைட்ல சீட் தலைப்பகுதி மேல கீழ நகரும், ரெண்டு பக்கமும் காது மாதிரி மடங்கும். எனக்கு முன்னாடி உக்காந்து போன யாரோ உயரமான ஆள் அத மேல தூக்கி விட்டிருப்பாங்க, நான் அப்படியே உக்காந்தா அந்த புடைப்பு என் பின்மண்டைல இடிச்சு தலைய முன்னாடி தள்ளும், தாடை நெஞ்சுல வந்து ஒட்டும். பல வருஷம் இது என் கழுத்து வலின்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். "கீழ இறக்குங்கம்மா"ன்னு அந்த பொண்ணு ஒரே அழுத்து அழுத்தினா, கட கடன்னு கீழ இறங்கிடுச்சு. கழுத்து தலையணைய பொறுத்தவரைக்கும் ஒண்ணே ஒண்ணு, தலை விழறது முன்னாடிதான், பின்னாடி இல்ல, அதனால அந்த லாடத்த திருப்பி தாடைக்கு கீழ வர்ற மாதிரி போட்டுக்கங்க. காத்தடிக்கற வகைன்னா முழுசா ஊதாதீங்க. பிளைட் உள்ள காத்தழுத்தம் ஒரு 6,000 அடியிலேருந்து 8,000 அடி உயர மலைமேல இருக்கற அளவுக்குத்தான் வச்சிருப்பாங்க, அதனால அடைச்சு வச்ச எந்த காத்தும் கால் பங்குலேருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் விரியும். தலையணையும் உப்பும், நம்ம வயிறும் உப்பும். மேல போனப்புறம் குடிச்சு மூடி வச்ச பிளாஸ்டிக் பாட்டில் கீழ இறங்கினதும் நசுங்கி கிடக்கறத பாத்திருப்பீங்களே, அதே சமாச்சாரம்தான். இடுப்புல இறுக்கமா எதையும் கட்டிட்டு போகாதீங்க, கேஸ் பிடிக்கற சாப்பாட்ட முந்தின வேளையிலேருந்தே தவிர்த்துருங்க, சோடா வேண்டவே வேண்டாம்.

பக்கத்து சீட்காரங்களோட ஒரு ஒப்பந்தம், இதுதான் நான் அந்த ஷூ கதைலேருந்து கத்துக்கிட்டது. உக்காந்ததும் முதல் வேலையா சொல்லிடறேன், "தம்பி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உங்கள எழுப்புவேன், கோச்சுக்காதீங்க"ன்னு. இதுவரைக்கும் ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல. சிலபேர் அப்படின்னா நீங்களே ஐல்ல உக்காருங்கன்னு மாத்திக் குடுத்துட்டாங்க. எழுந்தா பின்னாடி டாய்லெட் பக்கம் வரைக்கும் நடந்துட்டு, க்ரூவுக்கு இடைஞ்சல் இல்லாத ஓரத்துல நின்னு குதிகால தூக்கி தூக்கி இறக்குவேன், ஒரு இருபது தடவை. உக்காந்திருக்கறப்பவும் பை மேல கால வச்சுக்கிட்டு நுனிக்கால், குதிகால்னு தையல் மெஷின் மிதிக்கற மாதிரி மாத்தி மாத்தி அழுத்தலாம். ஷூவ கழட்டிட்டு வெறும் சாக்ஸோட டாய்லெட்டுக்கு மட்டும் போகாதீங்க, அங்க தரையில இருக்கற ஈரம் தண்ணின்னு நம்பறது உங்க இஷ்டம்.

ஐல் சீட்ல உக்காந்தா இன்னொரு ரகசியம். நிறைய பிளைட்ல நடைபாதை பக்கத்து கை வைக்கற கட்டை தூக்க வராதுன்னு எல்லாரும் நினைக்கறோம். அதோட அடியில, பின்னாடி மூட்டு கிட்ட, விரல விட்டு தடவினா ஒரு சின்ன பட்டன் இருக்கும், அத அழுத்திக்கிட்டே தூக்கினா வந்துரும். முட்டி வலி உள்ளவங்க எழுந்து வெளிய வர்றதுக்கு இத விட பெரிய உபகாரம் கிடையாது. பிளைட் மேல கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் மட்டும் கட்டைய கீழ இறக்கி வச்சிடணும்.

எக்ஸ்ட்ரா லெக்ரூம் சீட்டுக்கு வர்றேன். ஒரு தடவை எங்க வீட்டுக்காரர் பிறந்த நாளாச்சேன்னு கூடுதலா காசு கட்டி முன்னாடி செவுரு இருக்கற முதல் வரிசைய வாங்கினோம். அவர் கால நீட்டிட்டு மகாராஜா மாதிரி உக்காந்தார். எனக்கு? முன்னாடி சீட்டே இல்லாததால கீழ பை வைக்கக்கூடாதுன்னு என் கால் பைய வாங்கி மேல பெட்டில போட்டுட்டாங்க. டிரே கைப்பிடி கட்டைக்குள்ள மடங்கியிருக்கறதால கட்டைய தூக்கவும் முடியல, சீட்டும் ஒரு சுத்து ஒடுக்கமா இருந்த மாதிரி இருந்துது. கைக்குழந்தை தொட்டில மாட்டறதும் அந்த செவுத்துலதான், பக்கத்துல ஒரு குழந்தை, அது அழுதா அழட்டும், குழந்தை அழாம என்ன பண்ணும். ஆனா காசு குடுத்து கால தொங்கப் போட்டுக்கிட்டு வந்தது நானாத்தான் இருப்பேன். உயரமானவங்களுக்கு சரி. குட்டையானவங்க அந்த காச மிச்சம் பிடிங்க.

அதவிட எந்த விமானம்னு பாத்து டிக்கெட் போடறது எவ்வளவோ மேல். புக் பண்ற பக்கத்துல சின்ன எழுத்துல விமானத்தோட பேர் இருக்கும். ஏர்பஸ் ஏ330-னா எகானமில பெரும்பாலும் வரிசைக்கு 2-4-2-ன்னு எட்டு சீட், அதுல யாரையாவது தாண்டித்தான் ரெண்டு பக்கமும் போகணும்ங்கற நடு சீட் ரெண்டே ரெண்டுதான், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரா போறவங்களுக்கு ஜன்னல் பக்கத்து ஜோடி சீட் சொர்க்கம். போயிங் 777 வந்த புதுசுல வரிசைக்கு ஒம்பது சீட்தான் போட்டாங்க, இப்ப நிறைய ஏர்லைன் அதே அகலத்துல 3-4-3-ன்னு பத்து சீட்ட நெருக்கிட்டாங்க, சீட் அகலம் பதினெட்டு இன்ச் சில்லறையா இருந்தது பதினேழாயிடுச்சு, பத்துல நாலு பேர் நடுவுல மாட்டிக்கறாங்க. ஒரு இன்ச்தானேன்னு சொல்லாதீங்க, ரெண்டு தோள் உரசிக்கிட்டே பதினாலு மணி நேரம். ஏ350-யும் போயிங் 787-யும் உள்ள காத்தழுத்தத்த 6,000 அடி அளவுல வைக்கறதால இறங்கும்போது தலை பாரம் எனக்கு கம்மியா இருக்கு. குலுக்கல் பயம் உள்ளவங்க இறக்கை பக்கமா உக்காருங்க, சத்தம் ஆகாதவங்க இன்ஜினுக்கு முன்னாடி. கடைசி வரிசை வேண்டாம், சில விமானத்துல அந்த சீட் சாயவே சாயாது, டாய்லெட் லைனும் நம்ம தோள் மேலதான் நிக்கும்.

முன் சீட்ட சாய்க்கறது தப்பா ரைட்டான்னு உங்க கட்டுரையில அரைப்பக்கம் வாதம் நடந்துது. காசு குடுத்து வாங்கின சீட், சாய்ச்சுக்கட்டும். ஆனா ஒரு தடவை பின்னாடி திரும்பி பாத்துட்டு மெதுவா சாய்ங்க, சாப்பாடு வர்ற நேரத்துல நிமித்திடுங்க, இதுக்கு மேல அதுல பேச ஒண்ணுமில்ல.

பேச வேண்டிய விஷயத்த உங்க கட்டுரை தொடவே இல்ல. சீட்டுக்கு சீட் எவ்வளவு இன்ச்னு ஏன் டிக்கெட் விக்கும்போதே சொல்ல மாட்டேங்கறாங்க? அரை கிலோ பாக்கெட்டுல எடை போட்டிருக்கணும்னு சட்டம் இருக்கு, பதினாலு மணி நேரம் உக்காரப்போற சீட்டோட அளவு விலைக்கு பக்கத்துல பெருசா இருக்கவேண்டாமா? அமெரிக்காவுல இத பத்தி கோர்ட்டுக்கே போனாங்க, 2017-ல கேஸ விசாரிச்ச நீதிபதி சுருங்கிக்கிட்டே போற சீட் வழக்குன்னு கிண்டலாவே எழுதினார். 2018-ல சீட்டுக்கு குறைஞ்சபட்ச அளவு வைங்கன்னு நாடாளுமன்றம் சட்டமே போட்டுது, 2022-ல மக்கள்கிட்ட கருத்து கேட்டப்ப 26,000 பேருக்கு மேல எழுதினாங்க, 2023-ல மறுபடி கோர்ட்டுக்கு போனவங்கள திருப்பி அனுப்பிட்டாங்க. நெருக்கமான சீட்லேருந்து ஆபத்துல வெளியேற முடியுமான்னு அவங்க விமானத்துறை ஆள வச்சு டெஸ்ட் பண்ணிச்சு, அதுல கலந்துக்கிட்டவங்க எல்லாம் 18-லேருந்து 60 வயசுக்குள்ள உள்ள திடகாத்திரமானவங்க. எனக்கு 63. எனக்காக யாரும் ஓடி பாக்கல.

இன்னொரு வேடிக்கை. சிங்கப்பூர்லேருந்து நியூயார்க்குக்கு பதினெட்டு மணி நேரத்துக்கு மேல பறக்கற விமானம் ஒண்ணு இருக்கு, உலகத்துலயே ரொம்ப நீளமான பயணங்கள்ல ஒண்ணு. அந்த விமானத்துல எகானமி கிளாஸே கிடையாது. 67 பிசினஸ், எகானமிக்கு ஒரு படி மேல இருக்கற பிரீமியம் எகானமி 94, மொத்தமே 161 சீட். காரணத்துல எடை, எரிபொருள், லாபம் எல்லாம் இருக்கும், எனக்கு தெரியும். ஆனாலும் அத படிச்சப்ப சிரிப்புதான் வந்துது. அதே நேரத்துல ஆஸ்திரேலியாவுல இருக்கற பெர்த் நகரத்துலேருந்து லண்டனுக்கு 2018-லேருந்து பதினேழு மணி நேரம் போற விமானத்துல எகானமி இருக்கு, அங்க ஜனங்க உக்காந்துட்டுத்தான் போறாங்க.

அடுத்த தடவை இந்த மாதிரி ஒரு பக்கம் போடும்போது என்ன வாங்கலாம்ங்கற லிஸ்டுக்கு பதிலா எந்த விமானத்துல எத்தன இன்ச்னு ஒரு சின்ன அட்டவணை போடுங்க ஆசிரியர் சார், ரெண்டு வரி குட்டையானவங்களுக்கும் எழுதச் சொல்லுங்க.

எங்களுக்கு அடுத்த மாசம் பயணம், ஏ330, ஜன்னல் பக்கத்து ஜோடி சீட்டே கிடைச்சிருக்கு. ஐல் தனக்கு, ஜன்னல் எனக்குன்னு எங்க வீட்டுக்காரர் வழக்கம்போல முடிவு பண்ணி வச்சிருக்கார், கால நீட்டணுமாம். இந்த லெட்டர் பேப்பர்ல வந்துதுன்னா அத வெட்டி கைப்பையில வச்சுக்கிட்டு, ஏறின உடனே காட்டி சீட்ட மாத்திக்கலாம்னு இருக்கேன்.

இப்படிக்கு,
அஞ்சடிக்கு ஒரு விரக்கடை கம்மியான வாசகி